கிராம சபைத் தீர்மானத்தில் இணைய வேகம்: எத்தனை மெகாபிட் என்று கேட்பது?

#1 வயலோரம்

வணக்கம் நண்பர்களே. செங்கம் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி எங்களுடையது. தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமங்கள் நான்கு, மொத்தம் 800 வீடுகள் இருக்கும். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இணைய வசதிக்காக ஒரு தீர்மானம் வைப்பது என்று ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். எழுதிக் கொடுங்கள், வைக்கலாம் என்று ஊராட்சிச் செயலரும் சொல்லிவிட்டார்.

"இணைய வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பிலேயே கிடக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தண்ணீர் குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிக் கேட்க முடிகிறது. இணையத்துக்கும் அப்படி ஓர் அளவு வேண்டும். தேடிப் பார்த்ததில் மூன்று எண்கள் கிடைத்தன.

2023 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அறிவிக்கையின்படி, பதிவிறக்க வேகம் நொடிக்கு 2 மெகாபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2018 தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கையில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட் என்று இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2030-க்குள் 100 மெகாபிட் என்கிறது.

எதை எழுதுவது? எங்கள் நிலவரம்: சேவை மையக் கட்டடத்தில் ரேக், யுபிஎஸ், ரவுட்டர் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. தாய்க்கிராமத்தில் 4ஜி பரவாயில்லை. இரண்டு குக்கிராமங்களில் வீட்டுக்கு வெளியே வந்தால்தான் கிடைக்கும். கம்பி இணைப்பு எடுத்த வீடுகளிலும் சாயங்காலம் 7 மணிக்கு மேல் வட்டம்தான் சுற்றுகிறது.

#2 பழையமோடம்

நல்ல காரியம், தம்பி. நான் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன மூன்று எண்களும் மூன்று வகையானவை. அதைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2 மெகாபிட் என்பது வரையறை. அதற்குக் கீழே இருந்தால் பிராட்பேண்ட் என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2004 கொள்கையில் அது 256 கிலோபிட். 2013-இல் 512 கிலோபிட் ஆனது. 2015-க்குள் 2 மெகாபிட் ஆக்குவோம் என்று 2012 கொள்கையிலேயே எழுதியிருந்தார்கள். அது வரையறைக்குள் வர 2023 ஆகிவிட்டது. அந்த வரையறையின் வாசகத்தையும் கவனியுங்கள். சேவை நிறுவனத்தின் இணைப்பு முனையிலிருந்து சந்தாதாரருக்கு 2 மெகாபிட் தரும் "திறன்" இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ராத்திரி 8 மணிக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பதிவேற்றம் பற்றியும் கிடையாது.

50 மெகாபிட் என்பது கொள்கை இலக்கு. அதே கொள்கை கிராம ஊராட்சிகளுக்கு 2020-க்குள் 1 கிகாபிட், 2022-க்குள் 10 கிகாபிட் என்றும் சொன்னது.

100 மெகாபிட் என்பது சராசரி. இதில்தான் கவனமாக இருக்கணும். 2024 நவம்பரில் நாட்டின் நிலைவழி பிராட்பேண்ட் சராசரி வேகம் 63.55 மெகாபிட். அதை 2030-க்குள் 100 ஆக உயர்த்துவதே அந்த இயக்கத்தின் இலக்கு. சென்னையிலும் கோவையிலும் 300 மெகாபிட் திட்டம் வாங்குகிறவர்கள் இரண்டு மடங்கானால் உங்கள் ஊரில் ஒரு வீடு கூடச் சேராமலேயே சராசரி ஏறிவிடும். கிராமத்துக்கு எழுதும் தீர்மானத்தில் சராசரி என்ற சொல்லே வரக் கூடாது.

#3 கேபிள்காரர்

அய்யா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் கேபிள் டிவில இருந்து ஃபைபருக்கு வந்தவன். எங்க வட்டாரத்துல 400 வீட்டுக்கு நெட் குடுக்கறேன். தொழில் பக்கத்துல இருந்து சொல்றேன், கேட்டுக்குங்க.

வேகம் ரெண்டு இடத்துல அடிவாங்கும். ஒண்ணு, ஓஎல்டில, அதாவது எங்க பக்கத்து மெயின் பெட்டில இருந்து, வீட்டுக்கு வர்ற பாதை. ஜிபான்ங்கற ஃபைபர் முறையில ஒரு போர்ட்டுக்கு டவுன்லோடு 2.5 ஜிபி, அப்லோடு 1.25 ஜிபி (ஜிபி, எம்பின்னு நாங்க சொல்றது நொடிக்கு கிகாபிட், மெகாபிட்தான்). அதை ஸ்ப்ளிட்டர் போட்டு 64 வீட்டுக்குப் பிரிச்சா, எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தாலும் வீட்டுக்கு 39 எம்பி வரும். அதனால இங்க பிரச்சினை கம்மி. ரெண்டாவது, மேல இருந்து நாங்க வாங்கற பேண்ட்வித். அதுதான் காசு. 400 வீட்டுக்கு 1 ஜிபி எடுத்தா வீட்டுக்கு 2.5 எம்பி. கேக்க கம்மியா இருக்கும். ஆனா எல்லாரும் ஒரே நொடியில இழுக்க மாட்டாங்க, அதனால 50 எம்பி ப்ளான் போட்டவருக்கும் 50 காட்டும். அதே 400 வீட்டுக்கு 300 எம்பி மட்டும் எடுத்து ஓட்டறவங்களும் இருக்காங்க. பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரி 7-ல இருந்து 10 வரைக்கும் வட்டம் சுத்தும். நீங்க சொல்றது அச்சு அசல் அந்தக் கேஸ்தான்.

அதனால எண்ணை மட்டும் எழுதாதீங்க. எத்தனை மணிக்கு அந்த எண் வரணும்னு எழுதுங்க.

#4 மலைக்காற்று

நான் ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியை. இங்கே பேசப்படும் எண்களைப் பார்த்தால் வேறு ஏதோ நாட்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் ஒரு மெகாபிட் கூடக் கிடையாது. கொரோனா காலத்தில் பாறை மேல் ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்ட பிள்ளைகள் இவர்கள். ஒரு பெண் குழந்தை நோட்டைப் பாறையில் வைத்து, காற்றில் புரளாமல் இருக்க ஒரு பக்கம் செல்போனையும் மறு பக்கம் கல்லையும் வைத்து எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். செல்போனைக் கையில் எடுத்தால் சிக்னல் போய்விடும் என்பதால் குனிந்து அதன் திரையைப் பார்ப்பாள்.

எனக்கு 100 வேண்டாம். 10 மெகாபிட், எல்லா வீட்டுக்கும், எல்லா நாளும். அதை எழுதுங்கள்.

#5 கணக்குப்பிள்ளை

டீச்சரம்மா சொல்வதை வழிமொழிகிறேன். காசுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் திருத்தப்பட்ட வடிவத்துக்கு 2023 ஆகஸ்டில் ஒப்புதல் ஆன தொகை 1,39,579 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகையிலும் கடைசி வீடு வரை போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். இலக்கை உயர்த்த உயர்த்த, ஒரு வீட்டுக்கு ஆகும் செலவும் ஏறும். அப்போது முதலில் வெட்டப்படுவது மலைக்குப் பின்னால் இருக்கும் பத்து வீடுதான்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2020 மார்ச்சில் சட்ட உரிமையாகவே ஆக்கினார்கள். ஆனால் எண் என்ன? பதிவிறக்கம் 10, பதிவேற்றம் 1. அதிலும் ஒரு வீட்டுக்கு 3,400 பவுண்டுக்குள் செலவு முடிந்தால்தான் இலவசம். அதற்கு மேல் ஆனால் மிச்சத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். பணக்கார நாடே 10-இல் தொடங்கியது. பின்லாந்து 2010-இல் 1 மெகாபிட்டை உரிமை ஆக்கித்தான் ஆரம்பித்தது. சின்ன எண்ணாக இருந்தால் உறுதியாகக் கேட்கலாம்.

#6 டொராண்டோதமிழ்

இதுக்கு எதிர்ப் பக்கத்திலயிருந்து ஒரு கதை சொல்ல விரும்புறன். கனடாவில 2016 டிசம்பரில ஒழுங்குமுறை ஆணையம் 50-க்கு 10 எண்டு இலக்கு வைச்சது. பதிவிறக்கம் 50, பதிவேற்றம் 10, தரவுக்குக் கட்டுப்பாடில்லாத திட்டமும் எடுக்கக் கூடியதா இருக்கவேணும். 2021-க்குள்ள 90 சதவீத வீடுகளுக்கு, மிச்சத்துக்கு 10 முதல் 15 வருசம் எண்டு காலமும் சொன்னது. அந்த நேரம் பலபேர் இது கூடிப்போச்சு எண்டுதான் சொன்னவை. ஆனால் எண் பெரிசா இருந்ததால ஒரு நன்மை கிடைச்சது. அதுக்குக் கீழ இருக்கிற ஊர் எல்லாம் "வசதி குறைஞ்ச இடம்" எண்டு வரைபடத்தில ஏறிச்சுது. ஏறினாத்தான் நிதி கேக்கலாம். எண்ணைச் சின்னதா வைச்சா, அரைகுறையாக் கிடைக்கிற ஊர் எல்லாம் "ஏற்கெனவே இருக்கு" எண்ட பக்கத்துக்குப் போயிடும்.

அமெரிக்காவில நடந்தது இதைவிட மோசம். 2015-இல 25-க்கு 3 எண்டு வைச்ச அளவுகோலை 2024 மார்ச்சிலதான் 100-க்கு 20 ஆக மாத்தினவை. இடையில, ஒரு கணக்கெடுப்புத் தொகுதியில ஒரேயொரு வீட்டுக்கு இணைப்புக் குடுக்கலாம் எண்டு நிறுவனம் சொன்னாலே முழுத் தொகுதிக்கும் வசதி இருக்கு எண்டு கணக்கு வைச்சவை. அந்தத் தொகுதியில மற்ற வீடுகள் மைல் கணக்கில தள்ளி இருக்கும். 2020-இல அதுக்கெண்டே ஒரு சட்டம் கொண்டுவந்து, 2022 நவம்பரிலதான் வீடு வீடாப் பார்க்கிற புது வரைபடம் வந்தது. எண்ணோட சேர்த்து, ஆரை எப்பிடி எண்ணுறது எண்டதையும் எழுதுங்கோ.

#7 பழையமோடம்

இது மிக முக்கியமான விஷயம். நம் நாட்டிலும் "ஊராட்சி இணைக்கப்பட்டது" என்றால் ஊராட்சிக் கட்டடத்துக்குக் கம்பி வந்துவிட்டது என்றுதான் பொருள். 2011 அக்டோபரில் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பாகத் தொடங்கி, பிறகு பாரத்நெட் ஆன திட்டத்தின் அலகே ஊராட்சிதான். இரண்டரை லட்சம் ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 100 மெகாபிட். தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளுக்கு 1 கிகாபிட் என்று திட்டம் போட்டார்கள். கட்டடத்தில் விளக்கு எரிந்தால் கணக்கில் ஏறிவிடும். குக்கிராமங்கள் நான்கும் அதே எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும்.

வயலோரம் தம்பி ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 வீட்டில் 320 வீடு இணைப்பு எடுக்கிறது என்று வையுங்கள். உச்ச நேரத்தில் ஒரு வீட்டின் சராசரி இழுப்பு 2.5 மெகாபிட் என்றால் மொத்தம் 800 மெகாபிட். 1 கிகாபிட் உண்மையில் வந்தால் ஊர் தாங்கும். 320 வீட்டுக்கும் 50 மெகாபிட் திட்டம் கொடுத்தாலும், விற்ற வேகத்துக்கும் ஊருக்கு வந்து சேரும் வேகத்துக்கும் உள்ள பங்கீடு 16-க்கு 1. நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் வீட்டு இணைப்புக்குச் சொன்ன வரம்பு 50-க்கு 1; அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழைய 100 மெகாபிட்தான் வருகிறது என்றால் வீட்டுக்கு 0.3 மெகாபிட். வாட்ஸ்அப் காணொளி அழைப்பே திணறும்.

ஆகவே ஊராட்சிக்கு வந்து சேரும் அளவையும் தீர்மானத்தில் கேட்க வேண்டும். மேலே தொட்டி நிறையாமல் வீட்டில் வேகம் கேட்டுப் பயன் இல்லை.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி இழை ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டால் 10 மெகாபிட்டுக்கும் 50 மெகாபிட்டுக்கும் கம்பிச் செலவு ஒன்றுதான். சின்ன எண் வைத்தால் மிச்சமாகும் என்பது, செல்போன் கோபுரத்தை வைத்தே சமாளிக்கப் பார்க்கும் இடங்களுக்குத்தான் பொருந்தும். அங்கே கோபுரத்தின் கொள்ளளவை எல்லாரும் பங்கு போட வேண்டும், ஆள் கூடக் கூட வேகம் இறங்கும்.

#8 கிராமசெவிலியர்

எல்லாரும் பதிவிறக்கத்தையே பேசறீங்க. எங்க வேலை முழுக்க மேலே ஏத்தறதுதான். கர்ப்பிணிப் பதிவு பிக்மீ தளத்துல ஏத்தணும். அதுல எண் விழுந்தாத்தான் மகப்பேறு உதவித்தொகைக்கே அந்தப் பொண்ணு விண்ணப்பிக்க முடியும். துணை சுகாதார நிலையத்துல பகல்ல நெட் இழுக்காததால, பதிவேட்டுல எழுதிக்கிட்டு வந்து ராத்திரி வீட்டுல உட்கார்ந்து ஏத்தற செவிலியர்கள் எத்தனை பேர்.

இ-சஞ்சீவனிங்கற அரசு தொலைமருத்துவத் தளத்துல டாக்டரைக் கூப்பிட்டா அவர் முகம் எங்களுக்குத் தெளிவாத் தெரியும். எங்க பக்கத்துப் படம் அவருக்குக் கட்டம் கட்டமாப் போகும். ஒரு குழந்தைக்கு உடம்புல தடிப்பு. "இன்னும் கிட்ட காட்டுங்க சிஸ்டர்"னு அவர் சொல்றாரு. கேமரா கிட்டக்கப் போகப் போக படம் மங்குது. கடைசில நிறம் என்ன, தொட்டா சூடா இருக்கா, அழுத்தினா வெளுக்குதான்னு வாயால கேட்டுத்தான் மருந்து சொன்னாரு. பதிவேற்றத்துக்குத் தனியா ஒரு எண் கண்டிப்பா வேணும்.

#9 வயலோரம்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதால் கேட்கிறேன், எவ்வளவு இருந்தால் போதும்? இ-சேவை மையத்திலும் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றும்போதுதான் தொங்குகிறது.

#10 பழையமோடம்

நல்ல காணொளி அழைப்பு ஒன்றுக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 2 மெகாபிட் வையுங்கள். வீட்டில் பிள்ளை வகுப்பில் இருக்கும்போதே அப்பா ஒரு கோப்பு அனுப்ப வேண்டும், அம்மா வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு பேச வேண்டும் என்றால், 10 இருந்தால் தாராளம், 5 இருந்தால் ஓடும். துணை சுகாதார நிலையம், பள்ளி, இ-சேவை மையம் ஆகியவற்றுக்குத் தனியாக, இரு பக்கமும் சமமான இணைப்பு கேளுங்கள். இழையில் அது முடியும். 2030-க்குள் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் போன்றவற்றில் 90 சதவீதத்தை இணைப்பதாக தேசிய இயக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம்.

#11 மலைக்காற்று

50 என்று எழுதினால் எங்கள் மலை ஊர்கள் இன்னும் பின்னால் தள்ளப்படும் என்ற என் பயம் போகவில்லை. பெரியவர் சொல்வது இழை வந்து சேர்ந்த வீட்டுக்குச் சரி. இழையே வராத வீட்டுக்கு 2030 என்பது பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போயிருக்கும் வருடம். இடைக்காலத்துக்கு ஒரு குறைந்தபட்சம் வேண்டும், அதற்கு ஒரு தேதியும் வேண்டும்.

#12 டொராண்டோதமிழ்

டீச்சர், நீங்கள் சொல்லுறது நியாயம். ரெண்டு படி வைக்கலாம். இப்ப உடன குறைஞ்ச அளவு, பிறகு முழு அளவு. ஆனால் முதல் படியைக் கடந்த வீட்டை "முடிஞ்சுது" எண்டு அடிக்க விடக் கூடாது. அதை வெளிப்படையா எழுதுங்கோ.

#13 கணக்குப்பிள்ளை

இரண்டு படி என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் இரண்டாவது படிக்கு 50 என்பதை இன்னும் ஏற்க மனமில்லை. 25 போதும் என்பதே என் கருத்து. ஊரில் எத்தனை வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று திரை ஓடுகிறது?

#14 கேபிள்காரர்

அண்ணே, அஞ்சு வருஷம் முன்னாடி எங்க ஆளுங்க 10 எம்பி ப்ளானே போதும்னாங்க. இப்போ அதே வீட்டுல டிவி, ரெண்டு போன், ஒரு சிசிடிவி கேமரா. ஆட்டுக்கொட்டகைக்குக் கூட கேமரா மாட்டறாங்க, ராத்திரி ஆடு திருட்டுக்குப் பயந்து. அது 24 மணி நேரமும் மேலே ஏத்திக்கிட்டே இருக்கும். இன்னிக்குத் தேவையைப் பார்த்து எண் வெச்சா, கேபிள் கட்டி முடிக்கறதுக்குள்ள பழசாயிடும்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. வேகத்தைவிட முக்கியம் அறுந்தா எப்ப ஒட்டுவாங்கங்கறது. தமிழ்நாட்டுல பெரும்பகுதி கேபிள் மின்கம்பத்து மேலதான் போகுது. அறுவடை முடிஞ்சு வைக்கோல் ஏத்தின டிராக்டர் ஒண்ணு சந்துக்குள்ள வந்தா போதும், தாழத் தொங்கற கேபிளை அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிடும். ரோடு அகலப்படுத்த ஜேசிபி வந்தா தரைக்கு அடியில இருக்கறதும் போச்சு. அணில் வேற கடிக்கும். ஸ்ப்ளைஸ் போட, அதாவது அறுந்த இழையை ஒட்ட, ஆளு, மெஷினு, சரக்கு இருந்தா ஒரு மணி நேர வேலை. ஆளு மாவட்டத் தலைநகர்ல இருந்து வரணும்னா நாலு நாள், ஒரு வாரம். அவசரத்துக்கு ஒட்டறவங்க பவர் மீட்டர் வெச்சுப் பாக்காமலே போயிடுவாங்க. வீட்டுக்கு வர்ற ஒளியோட அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழ போச்சுன்னா லைட் எரியும், ஆனா நெட் விட்டு விட்டு வரும். வாடிக்கையாளருக்குக் காரணமே தெரியாது.

ரேக் இருக்கற கட்டடத்துல கரண்ட் போனா யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குதுன்னும் போய்ப் பாருங்க. பேட்டரி செத்துக் கெடக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. சில ஊர்ல மீட்டிங்குக்கு மைக் போடறதுக்காக அந்தப் ப்ளக்கையே புடுங்கிடறாங்க.

#15 பழையமோடம்

கேபிள்காரர் சொன்னது கட்டாயம் சேர வேண்டும். திருத்திய பாரத்நெட்டில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்கு வளைய அமைப்பு, 10 ஆண்டு பராமரிப்பு என்று வைத்ததற்கும் இதுதான் காரணம். முதல் கட்டத்தில் ஒரே நீட்டாகப் போன கம்பி ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் இருந்த ஊராட்சிகள் எல்லாம் இருண்டுவிடும். வளையத்தில் மறுபக்கம் சுற்றி வரும். ஆனால் அந்த வளையம் ஊராட்சி வரைக்கும்தான். ஊராட்சியிலிருந்து குக்கிராமத்துக்கு இன்னமும் ஒற்றைக் கம்பியே. அதை ஒட்ட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

#16 வயலோரம்

எல்லாருக்கும் நன்றி. இதுவரை பேசியதை வைத்து வரைவு எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"நமது ஊராட்சியின் தாய்க்கிராமத்திலும் நான்கு குக்கிராமங்களிலும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், மாலை 7 மணி முதல் 10 மணி வரை, வீட்டின் உள்ளே அளந்தால் பதிவிறக்கம் 10 மெகாபிட்டுக்கும் பதிவேற்றம் 2 மெகாபிட்டுக்கும் குறையாமல் இணைய இணைப்பு ஓராண்டுக்குள் கிடைக்க வேண்டும். 2018 தேசியக் கொள்கையில் சொன்ன 50 மெகாபிட் பதிவிறக்கமும், அதனுடன் 10 மெகாபிட் பதிவேற்றமும் 2030-க்குள் கிடைக்க வேண்டும். முதல் அளவை எட்டிய வீட்டை, இரண்டாம் அளவு எட்டும் வரை வசதி பெற்ற வீடாகக் கணக்கிடக் கூடாது. ஊராட்சிச் சேவை மையத்துக்கு 1 கிகாபிட் வந்து சேர்கிறதா என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து கிராம சபையில் வைக்க வேண்டும். பள்ளி, துணை சுகாதார நிலையம், இ-சேவை மையம் ஆகியவற்றுக்கு இரு பக்கமும் சமமான வேகத்தில் இணைப்பு வேண்டும். கம்பி அறுந்தால் 48 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும்."

#17 கிராமசெவிலியர்

துணை சுகாதார நிலையத்துக்கு 48 மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி, தம்பி. 24 போடுங்க.

#18 கணக்குப்பிள்ளை

50 பற்றிய என் மாற்றுக் கருத்து இருக்கட்டும், தீர்மானத்துக்குத் தடையாக நிற்க மாட்டேன். கொள்கையில் அரசு தானே எழுதிய எண் என்பதால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று சேருங்கள்: குக்கிராமம் வாரியாக மொத்த வீடு, இணைப்பு உள்ள வீடு, இல்லாத வீடு என்று ஒரு பட்டியல் இணைப்பாகப் போக வேண்டும். பட்டியல் இல்லாத தீர்மானத்தை மாவட்டத்தில் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல், டான்ஃபிநெட்டுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

#19 மலைக்காற்று

10, ஓராண்டு, ஒவ்வொரு வீடு. இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் போதும். எங்கள் ஊரிலும் இதே வாசகத்தை வைக்கச் சொல்கிறேன்.

#20 கேபிள்காரர்

பட்டியலோட அளந்த எண்ணையும் சேருங்க. ஆனா சரியா அளங்க. போன்ல வைஃபைல அளந்தா, ரவுட்டர் அடுத்த ரூம்ல இருந்தாலே பாதி காட்டும், உடனே நிறுவனத்துக்காரன் "உங்க வைஃபை சரியில்ல"ன்னு கையைக் கழுவிடுவான். லேப்டாப்புல லேன் வயரைச் சொருகி, மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ராத்திரி 8 மணிக்கு அளங்க. குக்கிராமத்துக்கு மூணு வீடாவது எடுங்க. கம்பியே இல்லாத இடத்துல டிராயோட மைஸ்பீடு செயலியில போன் சிக்னல் அளந்து ஸ்க்ரீன்ஷாட் வெச்சுக்குங்க. தேதி, நேரம் தெரியணும்.

#21 வயலோரம்

24 மணி நேரம் என்று மாற்றிவிட்டேன், அக்கா. வீட்டுக் கணக்கெடுப்பை இந்த ஞாயிறு தொடங்குகிறோம். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குக்கிராமம் எடுத்துக்கொள்கிறார்கள். லேன் சொருகும் இடமுள்ள லேப்டாப் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. கேபிள்காரர் அண்ணே, அதில் 100 மெகாபிட் வரைக்கும் சரியாகக் காட்டுமா?

#22 கேபிள்காரர்

காட்டும், தம்பி. வயர் மட்டும் புதுசா வாங்கிக்குங்க. பேட்டரி நிக்காதுன்னா சார்ஜரையும் கூடவே கொண்டு போங்க.